"ஆள் நிற்கவே மாட்டேங்குது" என்று சொல்வதற்கு முன்னால் செய்ய வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் எந்தத் துணிக்கடைக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினாலும் இந்தப் பேச்சு வந்துவிடும்: "ஆள் நிற்கவே மாட்டேங்குது." நானும் பல வருடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கடையில் 30 பேர், அதில் 24 பேர் பெண்கள். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று நமக்கு வருடத்துக்கு மூன்று சீசன். ஒவ்வொன்றும் முடிந்ததும் நாலைந்து பேர் கணக்கு தீர்க்க வந்து நிற்பார்கள், நான் தீர்த்து அனுப்பிவிட்டு வாசலில் "விற்பனைக்குப் பெண்கள் தேவை" என்று போர்டு வைப்பேன், புதிதாக வருபவர்களுக்கு எந்தத் துணி எந்த ரேக்கில் என்று பழகுவதற்குள் அடுத்த சீசன் வந்துவிடும்.

எனக்கு உறைத்தது ஒருவர் போன பிறகுதான். கருங்கல் பக்கத்துப் பெண், ஏழு வருடம் சேலை செக்‌ஷனில் இருந்தவர். கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்கள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள். ஒரு ஜனவரி மாதம் வந்து, "அம்மைக்கு சுகமில்லண்ணே, இனி வர முடியாது" என்றார். நானும் ஆறுதல் சொல்லி அனுப்பினேன். நாலு மாதம் கழித்து நாகர்கோவிலில் வேறொரு கடையில் அவரைப் பார்த்தேன். சம்பளம் என்னிடம் வாங்கியதைவிட 500 ரூபாய் குறைவு, பஸ்ஸில் கூடுதல் நேரம் வேறு. ஏன் என்று கேட்டபோது தயங்கித்தான் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கடை நிறையக் கூட்டம் இருந்த நேரத்தில், விரித்த சேலைகளை மடித்து வைக்கவில்லை என்று என் சூப்பர்வைசர் வாடிக்கையாளர் முன்னால் வைத்து, "சம்பளம் மட்டும் எண்ணி வாங்கத் தெரியுதுல்லா" என்று சத்தம் போட்டிருக்கிறார். "அன்னைக்கே முடிவு பண்ணியாச்சுண்ணே. சீசன் முடியட்டும்னு இருந்தேன்" என்றார். அந்த நேரம் நான் பத்தடி தள்ளி கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டதை எல்லாம் எழுதுகிறேன். கடையோ ஹோட்டலோ அண்டியாபீஸோ (முந்திரி ஆலை), 10 பேரிலிருந்து 50 பேர் வரை வைத்து நடத்துபவர்களுக்கு இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். சாதாரண 100 பக்க நோட்டு போதும். கடந்த மூன்று வருடத்தில் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்: எப்போது சேர்ந்தார், எந்த மாதம் போனார், எந்த ஊர், எந்த பஸ்ஸில் வந்தார், எந்த செக்‌ஷன், யாருக்குக் கீழே வேலை பார்த்தார், போகும்போது என்ன காரணம் சொன்னார். இதை எழுதி முடித்தாலே பாதி விஷயம் கண்ணில் பட்டுவிடும். என் நோட்டில் போனவர்களில் பாதிக்கு மேல் ஒரே சூப்பர்வைசருக்குக் கீழே இருந்தவர்கள். அதற்கு முன்னால் அது எனக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதம் ஒவ்வொரு காரணம் சொல்லிப் போயிருந்தார்கள்.

போகிற அன்றைக்குக் காரணம் கேட்டு எழுதினால் அந்த நோட்டில் பொய்தான் சேரும், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடைசி மாதச் சம்பளம் உங்கள் கையில் இருக்கிறது, நாளைக்கு வேறு கடைக்காரர் உங்களுக்கு போன் போட்டு "பிள்ளை எப்படி" என்று கேட்பார், அந்த நிலையில் யார் மனதில் உள்ளதைச் சொல்லுவார்கள்? அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் கல்யாணம் பார்க்கிறார்கள், தூரம் அதிகம், இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். ஆகவே இரண்டு மூன்று மாதம் போகட்டும், கணக்கெல்லாம் முடிந்திருக்கும், அவர்கள் வேறு இடத்தில் அமர்ந்திருப்பார்கள், அப்போது கேளுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், சூப்பர்வைசரும் வேண்டாம். என் கடையில் பேக்கிங்கில் இருக்கும் ஒரு வயதான அக்கா கேட்கிறார். இரண்டே கேள்விதான்: போகலாம் என்று முதன்முதலில் தோன்றியது எந்த நாள்? அன்றைக்கு என்ன நடந்தது?

நாளைக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தாமஸ் லீ, டெரன்ஸ் மிட்செல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1994இல் ஒரு விளக்கம் சொன்னார்கள். அதுவரை பலரும் நினைத்திருந்தது, மனக்குறை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு நாள் ஆள் போய்விடுகிறார் என்று. இவர்கள் சொன்னது, பலர் விஷயத்தில் ஏதோ ஒரு சம்பவம் ஆளை உலுக்கிவிடுகிறது, அந்தக் கணத்தில்தான் "நான் ஏன் இங்கே இருக்கிறேன்" என்ற கேள்வியே பிறக்கிறது என்று. அந்தச் சம்பவம் கடையில்தான் நடக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் நடக்கலாம், நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். கருங்கல் பெண்ணுக்கு அது டிசம்பர் மாதத்து ஒரு வார்த்தை. நாம் கணக்கு தீர்க்கும் நாளை மட்டும் பார்க்கிறோம், உலுக்கிய நாள் அதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே வந்து போயிருக்கும்.

சரி, சம்பளத்துக்கு வருவோம், அதைப் பேசாமல் மற்றதைப் பேசுவது நேர்மையில்லை. நம் மாவட்டத்தில் ஒரு வசதி, ஒரு சிக்கல். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம், வருகிற பிள்ளை பெரும்பாலும் படித்த பிள்ளை. அதே படிப்பால் அவர்களுக்கு வெளியே வழியும் தெரியும். களியக்காவிளை தாண்டினால் கேரளம். ரிசர்வ் வங்கியின் 2022-23 கணக்கில் கிராமப்புறக் கட்டட வேலைக்குச் சராசரி நாள் கூலி கேரளத்தில் 850 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் 500 ரூபாய் அளவு. ஆண்கள் அங்கே போவதையும் வளைகுடாவுக்குப் போவதையும் எந்தத் துணிக்கடையாலும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் பக்கத்துக் கடையைவிடக் குறைவாகக் கொடுத்துக்கொண்டு "விசுவாசம் இல்லை" என்று சொல்வதை விட்டுவிட வேண்டும். ஹென்றி ஃபோர்டின் கார் ஆலையில் 1913இல் ஆள் போய் ஆள் வருவது வருடத்துக்கு 370 சதவீதம், அதாவது ஒரே இடத்துக்கு வருடத்தில் மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளுக்கு 5 டாலர் என்று கூலியை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கினார், போகிறவர்கள் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. நம்மால் இரண்டு மடங்கு முடியாது. ஊர் நிலவரம் என்ன என்று வருடம் ஒருமுறை விசாரித்து, அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள முடியும்.

தொகையைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது தேதி. முன்பு 1ஆம் தேதி என்று சொல்லி 4, 5 வரை இழுப்பேன், மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைப்பு. என் கடைப் பெண்களில் பெரும்பாலோர் குழு லோன் எடுத்திருக்கிறார்கள், தவணை நாள் தவறினால் வசூலுக்கு வருபவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார், அக்கம்பக்கம் பார்க்கும், குழுவில் மற்ற பெண்கள் இவருக்காகப் போட்டுக் கட்ட வேண்டிவரும். நான் இழுத்த மூன்று நாள் ஒரு குடும்பத்தின் மானத்தில் கை வைத்திருக்கிறது. இப்போது 1ஆம் தேதி காலை பத்து மணிக்கு முன்னால் பணம் அக்கவுண்டில் ஏறிவிடும், ஞாயிற்றுக்கிழமை என்றால் சனிக்கிழமையே. வேறு எதையும் மாற்ற முடியாவிட்டாலும் இதை இந்த மாதமே மாற்றிவிடுங்கள், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

அடுத்தது பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, இது கடைப் பெண்களுக்கு மாதம் ஒரு நல்ல தொகை மிச்சம். ஆனால் ராத்திரி அந்த பஸ் போய்விட்டால் அடுத்தது காசு கொடுத்துப் போகிற பஸ், அல்லது தம்பி பைக் எடுத்துக்கொண்டு வர வேண்டும், தம்பிக்கு இரண்டு நாள் முடியாமல் போனால் மூன்றாம் நாள் வீட்டில் "இந்த வேலை வேண்டாம்" என்று பேச்சு வரும். யார் யார் எந்த பஸ் என்று ஒரு தாளில் எழுதி கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அருமனை பக்கம் போகிறவருக்கு 7.40 பஸ் என்றால் அவர் 7.25க்கு இறங்கட்டும், பதிலுக்குக் காலையில் அரை மணி முன்னால் வந்து தூசி தட்டி அடுக்கட்டும், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்கள் கடைசிவரை நிற்கட்டும். இந்த ஏற்பாட்டுக்கு எனக்கு ஒரு வாரம் பிடித்தது, அதன்பின் "தூரம்" என்ற காரணம் நோட்டில் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

ஒரே பஸ்ஸில் வருபவர்கள் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள், இதையும் கவனியுங்கள். ஒருத்தி வேலையை விட்டால் ஒரு மாதத்துக்குள் இன்னொருத்தியும் விட்டுவிடுவாள். மிட்செலும் கூட இருந்தவர்களும் 2001இல் இதைப் பற்றியே எழுதினார்கள்: ஆளை ஒரு வேலையில் பிடித்து வைப்பதில் வேலைக்கு வெளியே உள்ள முடிச்சுகளுக்கும் பங்கு உண்டு, கூட வருபவர்கள், ஊர், உறவு எல்லாம் அதில் அடக்கம் என்று. அதனால் பஸ் தோழிகள் இருவரையும் வெவ்வேறு மாடியில் போட்டு, சாப்பாட்டு நேரத்தையும் மாற்றி வைத்து, பேச்சைக் குறைப்பதாக நினைக்கும் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது, அந்த முடிச்சை நீங்களே அவிழ்க்காதீர்கள்.

உட்காருவது. இதை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி எட்டு வரை நிற்கும் பெண்ணின் காலை ஒருநாள் பார்த்தால் போதும், கணுக்கால் வீங்கி, நரம்பு புடைத்து இருக்கும். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடியதில் தொடங்கி, 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாக் கடையிலும் ஊழியர்களுக்கு இருக்கை வைக்க வேண்டும், வேலை நேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்று ஆக்கினார்கள். பல கடைகளில் ஸ்டூல் இருக்கும், அதன்மேல் துணிக்கட்டு இருக்கும். வாடிக்கையாளர் உள்ளே வரும்போது எழுந்தால் போதும் என்று நீங்கள் உங்கள் வாயால் எல்லோர் முன்னாலும் சொல்லாதவரை யாரும் உட்கார மாட்டார்கள், அதனால் ஸ்டூல் வாங்கிப் போட்டதோடு விடாமல் சூப்பர்வைசரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்லுங்கள். எனக்கு இதில் விற்பனை ஒரு துளியும் குறையவில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வரும் கூட்டத்துக்கு முகம் சுளிக்காமல் சேலை விரிக்கிறார்கள்.

சூப்பர்வைசர் விஷயத்தில் நான் போட்ட விதி ஒன்றே ஒன்று: வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் யாரையும் எதற்காகவும் திட்டக்கூடாது, எனக்கும் சேர்த்து. தப்பு நடந்தால் அன்றைக்கே, ஸ்டாக் ரூமில், தனியாக, அந்தத் தப்பை மட்டும் பேசலாம். முதல் மாதம் அவருக்கு இது பெரிய கஷ்டமாக இருந்தது. அவரும் இருபது வயதில் அப்படித் திட்டு வாங்கியே வேலை படித்தவர், அதனால் அவரை நிறுத்தாமல் கூட உட்கார்ந்து பேசி மாற்ற வேண்டியிருந்தது.

அப்புறம் லீவு. நம் மாவட்டத்தின் வருடம் வெளியூர் கடைகளின் வருடம் மாதிரி இல்லை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவின் கடைசி நாள் டிசம்பர் 3, நமக்குக் கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. இது தவிர ஒவ்வொருவருக்கும் சொந்த ஊர்க் கோயில் கொடையோ பங்குத் திருவிழாவோ (ஊர் சர்ச் திருவிழா) இருக்கும், கல்யாணமான அக்கா தங்கைகள் எல்லாம் வீட்டுக்கு வரும் நாள் அது. அந்த ஒரு நாள் மறுத்தால் முந்நூறு நாள் வேலை பார்த்த நன்றி போய்விடும். வேலையில் சேரும்போதே "உன் ஊரில் திருவிழா எப்போ" என்று கேட்டு காலண்டரில் குறித்துவிடுங்கள். அவரவர் திருவிழாவுக்கு இரண்டு நாள் கேட்காமலே லீவு. ஒருவர் கொடைக்கு இன்னொருவர் வேலை பார்ப்பார், பங்குத் திருவிழாவுக்கு இவர் வந்து நிற்பார், இந்த மாற்றம் பிள்ளைகளே பேசி வைத்துக்கொள்கிறார்கள்.

கணவர் வளைகுடாவில் இருப்பவர்கள் கதை வேறு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருகிறார், அந்த இரண்டு மாதம் மனைவி கடையில் நிற்க முடியாது, நிற்கச் சொல்வதும் நியாயமில்லை. முன்பு நான் ஒரு வாரத்துக்கு மேல் தரமாட்டேன், அவர்கள் வேலையை விட்டுவிடுவார்கள், கணவர் திரும்பிப் போனதும் வேறு கடையில் சேருவார்கள். இப்போது இரண்டு மாதம் சம்பளமில்லாத லீவு, திரும்பி வரும் தேதி எழுதி வாங்கிக்கொள்கிறேன், இடம் அப்படியே இருக்கும். இதுவரை ஐந்து பேர் அப்படிப் போனார்கள், ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

கடற்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜூன், ஜூலை கஷ்ட காலம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் பல வீடுகளில் வரும்படி குறையும், அதே ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ், பை, செருப்பு என்று செலவு வரும். மலையோரம் ரப்பர் வெட்டும் வீடுகளுக்கும் மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் ஒரு சின்ன அட்வான்ஸ் கொடுத்து ஆறேழு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தால் அவர்கள் 300 ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று வேறு இடம் தேட மாட்டார்கள்.

அட்வான்ஸ் என்றதும் ஒரு எச்சரிக்கை. ஜான் மேயர், நடாலி ஆலன் என்ற இரண்டு கனடா ஆய்வாளர்கள் 1991இல் ஆள் ஒரு வேலையில் நிற்பதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். இருக்க ஆசைப்பட்டு இருப்பது ஒன்று, போனால் நஷ்டம் என்று இருப்பது ஒன்று, விட்டுப் போவது முறையில்லை என்று இருப்பது ஒன்று. மூன்றிலும் ஆள் கடையில் இருப்பார், ஆனால் வேலை ஒரே மாதிரி இருக்காது. பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் கட்டிப்போடுவதும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு அசல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைப்பதும் இரண்டாவது வகையை மட்டும்தான் உண்டாக்கும். உடம்பு கடையில் நிற்கும், வாடிக்கையாளர் "வேறு கலர் இருக்கா" என்று கேட்டால் பார்க்காமலே "இல்லை" என்று பதில் வரும். சர்டிபிகேட் யாருடையதாவது உங்கள் அலமாரியில் இருந்தால் நாளைக்கே கொடுத்துவிடுங்கள். அது உங்களுடையது இல்லை.

நஷ்டக் கணக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை, நியாயமான கணக்கு ஒன்று இருக்கிறது, அதை யாரும் பிள்ளைகளுக்கு விளக்குவதில்லை. 10 பேர் இருந்தால் கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) உண்டு, ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து நாள் கணக்கு. 12,000 ரூபாய் வாங்குபவர் பத்து வருடம் முடித்தால் 69,230 ரூபாய். மாதம் 21,000 வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு, அவர் பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25 சதவீதம், வீட்டில் உள்ளவர்களுக்கும் சேர்த்து வைத்தியம். 20 பேர் இருந்தால் பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி, இருபக்கமும் 12 சதவீதம், பத்து வருடம் முடித்தால் 58 வயதில் பென்ஷன். "கையில் வருவது குறையுதே" என்று பி.எஃப். வேண்டாம் என்பவர்கள் உண்டு, ஒரு சாயங்காலம் சாயாவும் வடையும் வாங்கி வைத்து, ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் போட்ட தாளில் இந்தத் தொகைகளை எழுதிக் காட்டினேன். நாலரை வருடம் முடித்த ஒரு பிள்ளை அந்தத் தாளை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

இருப்பவர்களிடம் கேட்பதை வழக்கமாக்குங்கள், இதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம். மாதம் இரண்டு பேர், பதினைந்து நிமிடம், கடை திறக்கும் முன்னால். "ஏதும் பிரச்சனை உண்டா மக்ளே" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லண்ணே" என்றுதான் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "போன மாதத்தில் வீட்டுக்குப் போனப்புறமும் மனசுல கிடந்த விஷயம் எது" என்று கேளுங்கள். பதில் சொல்ல நேரம் கொடுங்கள், நடுவில் நியாயம் சொல்லாதீர்கள். கேட்டதில் ஒன்றையாவது பத்து நாளில் சரி செய்யுங்கள், கழிப்பறைத் தாழ்ப்பாளாக இருந்தாலும் சரி. (என் கடையில் முதல் பதில் உண்மையிலேயே அதுதான். எத்தனை மாதம் அந்தக் கதவை ஒருத்தி உள்ளே போக இன்னொருத்தி வெளியே பிடித்துக்கொண்டு நின்றார்களோ.) ஒன்றுமே செய்யப் போவதில்லை என்றால் கேட்காமலே இருப்பது நல்லது.

இத்தனை செய்தும் ஆள் போவார்கள். கல்யாணமாகி திருநெல்வேலிக்குப் போவார்கள், படித்து முடித்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்குப் போவார்கள், அதற்கு சந்தோஷப்பட வேண்டும். போகும்போது கணக்கை இழுக்காதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். கூடவே ஒரு அனுபவக் கடிதம், பி.எஃப். எண் எழுதிய சீட்டு. மற்ற பிள்ளைகள் எல்லோரும் நீங்கள் போகிறவரை எப்படி அனுப்புகிறீர்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த நோட்டில் அவர்களுடைய போன் நம்பரையும் எழுதி வையுங்கள். சீசனுக்கு இருபது நாள் ஆள் வேண்டும் என்றால் முதலில் கூப்பிட வேண்டியது அவர்களைத்தான், துணி தெரியும், ரேக் தெரியும், பில் போடத் தெரியும். போன கிறிஸ்துமஸுக்கு மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு மத்தியானம் வரை நின்றார். நவம்பர் கடைசியிலேயே போன் போட்டுவிடுங்கள், டிசம்பர் 10 ஆகிவிட்டால் அவர்களை வேறு கடைக்காரர் கூப்பிட்டிருப்பார்.